இரண்டாம் ஆண்டு வியாதிகள்

பாடப்புத்தகத்தில் படிக்கும் நோய் தன் உடம்பிலேயே இருப்பதாகப் படிப்பவருக்குத் தோன்றுவதை ‘மருத்துவ மாணவர் நோய்’ என்பார்கள். இதற்குக் கிருமி கிடையாது. பக்கத்துக்குப் பக்கம் தொற்றும். பாஸ்டன் நரம்பியல் மருத்துவர் ஜார்ஜ் லிங்கன் வால்டன், படிக்கும் நோயெல்லாம் தமக்கும் வந்துவிட்டதென்று ஆசிரியர்களிடம் ஓடும் மாணவர்களைப் பற்றி 1908-லேயே எழுதியிருக்கிறார். அதற்கும் முன்பு, 1889-இல் வெளியான ஜெரோம் கே. ஜெரோமின் படகுப் பயண நாவலில், கதைசொல்லி பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு மருத்துவ நூலைப் புரட்டுகிறார். முழங்கால் வீக்கம் ஒன்றைத் தவிர அதிலுள்ள அத்தனை நோயும் தனக்கு இருப்பதாக முடிவுகட்டிவிட்டுத்தான் எழுந்திருக்கிறார். அவர் ஒரே அமர்வில் பெற்றதை எம்.பி.பி.எஸ். மாணவர் நான்கரை ஆண்டுகளில் தவணை முறையில் பெறுகிறார்.

முதலாண்டில் பாதிப்பு குறைவு. உடற்கூறியல் வகுப்பில் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை லேசாக மடக்கினால், நடுவில் ஒரு தசைநாண் துருத்திக்கொண்டு நிற்கும். சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது. அதனால் கையின் பலத்துக்குக் குறையும் இல்லை. வேறெங்காவது தசைநாண் அறுந்தால் அறுவை மருத்துவர் ஒட்டுப்போட எடுப்பதே இதைத்தான். ஆனாலும் அது இல்லாத மாணவர் அன்று மதியம் மெஸ்ஸில் சரியாகச் சாப்பிடுவதில்லை. மார்பெலும்பின் கீழ்முனை சற்றே நீட்டிக்கொண்டிருப்பதும் அந்த வாரம்தான் கண்ணில் படும். பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்த எலும்பு ஒரே இரவில் கட்டியாகிவிடும்.

நோய் முற்றுவது இரண்டாமாண்டில், நோய்க்குறியியல் பாடத்தோடு. கழுத்தில் பட்டாணியைவிடச் சிறிய நிணநீர்க் கணுக்கள் கைக்குத் தட்டுப்படுவது இளவயதில் சகஜம். புற்றுநோய் அத்தியாயம் முடிந்த இரவு, மாணவர் அப்படி ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்திப் பார்க்கிறார். அறைத் தோழரும் அழுத்துகிறார், பக்கத்து அறைக்காரரும் வந்து அழுத்துகிறார். விடிவதற்குள் அந்த இடம் வலிக்க ஆரம்பிக்கிறது. வலி என்ற புது அறிகுறியும் சேர்ந்ததால் நோய் உறுதியாகிறது.

ஸ்டெதாஸ்கோப் கைக்கு வந்ததும் விசாரணை மார்புக்கு நகரும். மூச்சை இழுக்கும்போது இதயத்தின் இரண்டாம் ஒலி இரண்டாகப் பிரிந்து கேட்பதும், மூச்சுக்கேற்ப நாடி வேகம் கூடிக் குறைவதும் நல்ல ஆரோக்கியத்தின் அடையாளங்கள். அந்த வரி புத்தகத்தில் இருக்கத்தான் செய்கிறது. மாணவர் படிப்பது அதற்கடுத்த வரியை. அரிய நோய்களுக்கே இங்கு மவுசு. சேற்றுப்புண்ணும் பொடுகும் உண்மையிலேயே இருந்தாலும் யாரும் கவலைப்படுவதில்லை.

காரணம் எளிது. உடம்பு எப்போதும் துடிக்கும், உறுமும், இழுக்கும். சாதாரண மனிதர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. மாணவரிடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. தேர்வு நேரத்துத் தூக்கமின்மையும் காபியும் கண்ணிமைத் துடிப்பையும் படபடப்பையும் நிஜமாகவே உண்டாக்கிக் கொடுக்கின்றன. மருத்துவ மாணவர்களைச் சட்ட மாணவர்களோடு ஒப்பிட்ட 1980-களின் ஆய்வொன்றில், நோய்ப் பயம் இவர்களிடம் கூடுதலாகத் தென்படவில்லை. பயம் எல்லோருக்கும் பொது. அதை லத்தீனில் சொல்லத் தெரிந்தவர்கள் இவர்கள்.

சில சமயம் சந்தேகம் பலிக்கவும் செய்யும். இரு கைகளின் ஒரே விரல்களை நகத்தோடு நகம் சேர்த்தால் இடையில் வைர வடிவில் சிறு இடைவெளி தெரிய வேண்டும். விரல்நுனி வீங்கினால் அது மறையும். 1976-இல் இதை எழுதிய தென்னாப்பிரிக்க இதய மருத்துவர் லியோ ஷாம்ரோத், தன் இதய உள்ளுறை அழற்சியின்போது தன் விரல்களிலேயே கண்டு சொன்னார். இன்று உலகெங்கும் மாணவர்கள் இந்தச் சோதனையை முதலில் செய்து பார்ப்பது தம் விரல்களில்தான்.

இதற்கு மருந்து வார்டில் இருக்கிறது. நிஜமான மண்ணீரல் வீக்கத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்தவருக்குத் தன் வயிற்றின்மேல் உள்ள சந்தேகம் தீர்ந்துவிடும். இறுதியாண்டுக்குள் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். சிலர் அளவுக்கு மீறியே குணமடைகிறார்கள். பயிற்சி மருத்துவரான பிறகு 102 டிகிரி காய்ச்சலில் ஒரு பாராசிட்டமாலை விழுங்கிவிட்டு நைட் டியூட்டிக்குப் போவார்கள். யாராவது கேட்டால், ஒன்றுமில்லை, சும்மா வைரல் என்பார்கள்.