செல்போன்ல கை வேகாது, அப்புனு

ஏங் கண்ணு, இன்னிக்கு லேபுன்னு சொன்னே, கட்டல்ல சாஞ்சுக்கிட்டு செல்போனை நோண்டறே? அதுதான் லேபா? நல்லாப் போச்சு. உன்ற பாட்டியுந்தான் டிவில சமையல் பாக்கறா, நான் இன்னும் பசியோட உக்காந்திருக்கறேன்.

காட்டு பாப்பம். ஓ, வெர்ச்சுவல் லேபா? அட, புரெட்டு, பிப்பெட்டு, கூம்புக் குடுவை எல்லாம் பளபளன்னு இருக்குது! டெல்லி ஐஐடி முன்ன நின்னு பண்ணது, காசே இல்லீங்கறே. சந்தோசம். அமுக்குனா சொட்டு விழுகுது, பினாப்தலீன் ரோசாக் கலராகுது. ஒரு சொட்டு கூடிப்போச்சா, 'ரீசெட்'டு. ஒண்ணுமே நடக்காத மாதிரி. சாயத்தண்ணி கலந்த நொய்யல் ஆத்துக்கும் அப்பிடியொரு பட்டன் இருந்திருந்தா, 2011ல ஐகோர்ட்டு சொல்லித் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடியிருக்க வேண்டியதில்லை.

சிரிக்காதே. சாயப்பட்டறைக்கு வேலைக்குப் போன மொத வாரம் ஆசிட்டு மேல தண்ணிய ஊத்துனவன் நானு. தண்ணியிலதான் ஆசிட்டைக் கொஞ்சங் கொஞ்சமா ஊத்தோணும்னு யாரு சொல்லிக் குடுத்தாங்கறே? ஆசிட்டேதான். இந்தா, முழங்கையில அது எழுதுனது இன்னும் அழியல. அன்னிக்கு இந்த செல்போனு இருந்திருந்தா நூறு தடவை அதுலயே வெந்திருப்பேன், சட்டையாவது மிஞ்சியிருக்கும். அதனால நான் வேண்டாங்கலை. பண்ற தப்பையெல்லாம் அதுலயே தாராளமாப் பண்ணு.

ஆனா உன்ற புரெட்டு ஒழுகறதே இல்லையே, அதுதான் எனக்குச் சந்தேகம். பட்டறை லேபுல கழுவி வெச்சவன் சொல்றேன், நெசப் புரெட்டுக்குத் திருகு கசியும், நுனியில காத்துக்குமிழி நிக்கும், 0.1 மில்லிக் கோட்டுக்கு நேராக் கண்ணைக் கொண்டாரலீன்னா கணக்கே மாறிப்போகும். எங்க மாஸ்டரு சாயத்தண்ணி 60 டிகிரிக்கு வந்துருச்சான்னு மூஞ்சியில அடிக்கற ஆவிய வெச்சே சொல்லுவாரு. அந்த ஆவி உன்ற செல்போன் கண்ணாடியத் தாண்டி வருமா?

உங்கப்பன் இருக்கறானே, பாலிடெக்னிக்குல புரெட்டைத் தொடாமலே 12.4, 12.4, 12.4னு ரெக்கார்டு நோட்டுல எழுதிக் கையெழுத்து வாங்குனவன். வெர்ச்சுவல் லேபை அவன் அப்பவே கண்டுபிடிச்சுட்டான், பேரு வெக்கத்தான் தெரியல.

செரி, நாளைக்குக் காலேசுக்குப் போனா ஒரு வேலை பண்ணு. நெசப் புரெட்டு எத்தனை இருக்குதுன்னு எண்ணிட்டு வா. பீரோவுல பூட்டிக் கெடந்தா, சாவி யாருகிட்ட இருக்குதுன்னும் கேட்டுட்டு வா.