முள்ளு சொன்ன சேதியும் மருமகன் போட்ட மொய்யும்

வா மருமகனே. ரேடியேட்டர் புதுசு, தெர்மோஸ்டாட் புதுசு, வாட்டர் பம்ப்பும் புதுசுன்னு கேள்விப்பட்டேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் வீட்டுக்கு மாடி எடுக்குறாராமே, கல்வெட்டுல உம் பேரைப் போடாம விடமாட்டார். அம்புட்டையும் மாத்தின பிறகும் முள்ளு சிவப்புக் கோட்டைப் பாத்தே நடக்குதாக்கும்?

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இஞ்சின் சூடாவுதுன்னு உனக்கு யாரு சொன்னா? முள்ளு சொல்லுச்சு. அது என்ன, சிலிண்டர் ஹெட்டுக்குள்ள இறங்கித் தொட்டுப் பாத்துட்டா வந்துச்சு? அங்கன ஒரு சென்சார் இருக்கு. அதுலேர்ந்து ஒயர், நடுவுல கப்ளர், கடைசியிலதான் கண்ணாடிக்குப் பின்னாடி இந்த மீட்டர். நாலு வாய் மாறி வந்த சேதியைக் கேட்டுட்டு நீ ரேடியேட்டருக்குத் தண்டனை கொடுத்திருக்கே.

அதுக்காக, முள்ளு ஏறுனா பொய்யின்னு நினைச்சு மிதிச்சுக்கிட்டே போயிராதே. ஓரங்கட்டு, இஞ்சினை அமத்து. விசாரணை எல்லாம் ஆறுனப்புறம். சூட்டோட ரேடியேட்டர் மூடியில கை வைக்காதே. உள்ள அழுத்தத்துல இருக்குற தண்ணி 100 டிகிரி தாண்டியும் கொதிக்காம அடங்கிக் கிடக்கும். மூடி நெகிழ்ந்ததும் மூஞ்சிக்கு வரும். உனக்கு இருக்குறதே சுமாரான மூஞ்சி.

மறுநாள் விடியக்காலம், ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் போட்டுப் பாரு. வாசல் தெளிக்கிற நேரத்துல எந்த இஞ்சினும் கொதிக்காது. அப்பவே முள்ளு உச்சியில நின்னா, பொய் சொல்றது யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சாப் போதும்.

உன்னோடது மாதிரி மீட்டருக்கு ஒத்தை ஒயர் சென்சார் போட்ட பழைய வண்டியில அது சுலபம். சாவியைப் போட்டபடியே அந்த ஒயரைக் கழத்து. முள்ளு கீழே விழுந்தா ஒயரும் மீட்டரும் யோக்கியம், சந்தேகம் சென்சார் மேல. கழத்தியும் உச்சியிலயே நிக்குதா, ஒயர் எங்கயோ தோல் உரிஞ்சு பாடியில உரசுது, இல்லைன்னா மீட்டரே போயிருச்சு. இதுக்கு எதிர்க்கூத்தும் உண்டு, முள்ளு எந்திரிக்கவே எந்திரிக்காது. அப்ப கழத்துன ஒயர் நுனியை இஞ்சின் இரும்புல கொஞ்ச நேரம் தொட்டுப் பிடி. முள்ளு ஏறுச்சுன்னா சென்சாரை மாத்து. ஏறலைன்னா ஒயரோ மீட்டரோ போயிருச்சு. பழைய மீட்டர் மெதுவாத்தான் ஏறும், பொறுமையா இரு.

ஏன் இப்படின்னா, சென்சாருக்குள்ள இருக்குற சரக்கு சூடு ஏற ஏற எதிர்ப்பைக் குறைச்சுக்கிடும். உன் பொண்டாட்டி குரலை உசத்துறப்ப நீ குறையலையா, அதே மாதிரிதான். மல்ட்டிமீட்டர் இருந்தா சென்சாரைக் கழத்தி வெந்நீர்ல போட்டு அளந்து பாரு. கம்ப்யூட்டருக்குச் சேதி சொல்ற சென்சார் பலதும் 20 டிகிரியில 2,500 ஓம்ஸ் பக்கம் காட்டும், 80 டிகிரியில 300 சொச்சத்துக்கு இறங்கிரும். இறங்குறது சீரா இருக்கணும். நடுவுல குதிச்சா அது செத்த சரக்கு. இதுக்கு அத்தையோட பால்சட்டியை எடுத்துராதே. கூலண்ட் விஷம், அத்தை அதைவிட.

ரெண்டு ஒயர் போற கம்ப்யூட்டர் சென்சார்ல இந்தத் தொட்டுப் பிடிக்கிற வேலை வேண்டாம், ஸ்கேனரை மாட்டு. அந்த ஒயர் அறுந்தா கம்ப்யூட்டர் மைனஸ் 40 டிகிரின்னு படிக்கும். கோயில்பட்டி வெயில்ல நின்னுக்கிட்டு இமயமலைக் குளிர்னு நம்பி பெட்ரோலை ஊத்தும் பாரு, பல வண்டியில ஃபேனும் நிக்காமச் சுத்தும். நீ மைலேஜ் குறைஞ்சுருச்சுன்னு பிளக்கை மாத்துவே. ராத்திரி முழுக்க நின்ன வண்டியில கூலண்ட் சூடும், இஞ்சின் இழுக்குற காத்தோட சூடும் ஏறக்குறைய ஒண்ணாக் காட்டணும். ரெண்டும் எட்டி நின்னா எது வெளியில இருக்குற வெக்கைக்குப் பொருந்தலையோ அதைப் பிடி.

சில திருட்டுத்தனம் நம்ம ஆளுங்களே பண்றது. ஒத்தை ஒயர் சென்சாருக்கு எர்த் கிடைக்கிறதே மரை வழியாத்தான். ஒழுகக் கூடாதுன்னு அதுல டெஃப்லான் டேப்பைச் சுத்துசுத்துன்னு சுத்துவான். அப்புறம் முள்ளு ஏறலைன்னு மூணு சென்சார் மாத்துவான். பழைய மினி மாதிரி பிரிட்டிஷ் வண்டிகள்ல சூட்டு முள்ளும் பெட்ரோல் முள்ளும் 10 வோல்ட் தர்ற ஒரே பெட்டியிலேர்ந்து கரண்ட் வாங்கும். ரெண்டும் சேர்ந்து உளறுனா அந்தப் பெட்டியைப் பாரு.

பேயா அலையுற முள்ளைவிட சும்மா படுத்துக்கிடக்குற முள்ளுதான் எனக்குப் பயம். கூலண்ட் குறைஞ்சு சென்சார் நுனி காத்துல தொங்குனா, இஞ்சின் வெந்துக்கிட்டு இருக்கும், முள்ளு கீழே சொகமாக் கிடக்கும். ஹெட் வளைஞ்சு கேஸ்கட் போனப்புறம்தான் தெரியும். புது வண்டி பலதுல முள்ளை நடுவுல கட்டியே வச்சிருக்காங்க, 80-க்கும் 100-க்கும் அசையாது. நம்மளை மாதிரி ஆளுங்க பதறக் கூடாதுன்னு கம்பெனிக்காரன் பண்ணுன ஏற்பாடு. அதனால கூலண்ட் மட்டத்தை உன் கண்ணால பாரு.

சரி, உன் கதைக்கு வா. முள்ளு ராத்திரியில மட்டும்தான் ஏறுதுன்னு உன் பொண்டாட்டி சொன்னா. ஹெட்லைட்டைப் போட்டதும் ஏறும், அணைச்சதும் இறங்கும், அப்படித்தானே? ராத்திரிக்குன்னு தனியா ஒரு சூடு உண்டாடா? எர்த் ஒயர் பிடிமானம் இல்லாம கிடக்கு. பானட்டைத் தூக்கு. அந்தா, போல்ட்டுக்கு அடியில பச்சை பூத்திருக்கு பாரு. உப்புத்தாள் எடுத்துட்டு வா, தேச்சு இறுக்குனா முடிஞ்சுது.

கழத்துன பழைய ரேடியேட்டரை எடைக்குப் போட்டுட்டியா? போடாதே. அது நல்லாத்தான் இருந்துச்சு. எம் மவன் வண்டியும் உன் வண்டி மாடல்தான்.