வாங்க, சிற்றாற்றங்கரையில் சாப்பிடலாம்

பாங்காக் போய்வந்த நம்மூர்க்காரர்கள் எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். சாயங்காலம் ஊரைச் சுற்றிக் காட்டுகிறான், கோயிலைக் காட்டுகிறான், ஒரு நாட்டியம் போடுகிறான், ராத்திரி ஆனால் சாவ் பிரயா ஆற்றில் கப்பலேற்றிச் சாப்பாடு போடுகிறான், இரண்டு கரையும் விளக்குத் தோரணம். சொல்லி முடித்துவிட்டு ஒரு பெருமூச்சு: "நம்ம குத்தாலத்துக்கு என்னவே குறைச்சல்?" இதே கேள்வி அரசு விழா மேடைக்கு வரும்போது சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வரும். சுற்றுலாவை உலகத் தரத்துக்கு உயர்த்துவோம் என்று அதற்குப் பெயர்.

கேள்வி நியாயமானதுதான். ஆறு இருக்கிறது, சிற்றாறு. கலை இருக்கிறது, குறவஞ்சி பிறந்த மண். சாப்பாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிரானூர் பார்டரில் பரோட்டாவுக்காகவே மதுரையிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. ஆகவே ஒரு பைசா ஆலோசனைக் கட்டணம் வாங்காமல், தென்காசி மாவட்டத்துக்கான மாலை நேரச் சுற்றுலாவை நானே வகுத்துத் தருகிறேன். விருந்தாளி வெளிநாட்டுக்காரர். தமிழ் தெரியாது, ஆனால் மூக்கு நன்றாக வேலை செய்யும் என்று வைத்துக்கொள்வோம்.

நாலு மணிக்குத் தென்காசி காசிவிசுவநாதர் கோயில். கோபுர வாசலில் நிற்கச் சொல்லுங்கள், மேற்கு மலையிலிருந்து வரும் காற்று வேட்டியைப் பிடித்து இழுக்கும். இதற்கு எந்தத் துறையும் டெண்டர் விடவில்லை என்பதால் இன்னும் நன்றாக வீசுகிறது. பிறகு கோயில் கட்டிய பராக்கிரம பாண்டியனைப் பற்றிச் சொல்லுங்கள். 15-ஆம் நூற்றாண்டு ராஜா. எனக்குப் பின்னால் இந்தக் கோயிலை எவன் காப்பாற்றுவானோ அவன் காலில் விழுகிறேன் என்று கல்லில் வெட்டிவைத்துவிட்டுப் போனவன். மனிதருக்கு நம் நிர்வாகத்தைப் பற்றி அப்போதே ஏதோ தெரிந்திருக்கிறது. அவன் காலத்துக் கோபுரம் சிதைந்து தலைமுறை தலைமுறையாக மொட்டையாக நின்றது, 1990-ல்தான் மறுபடி எழுந்தது. 2025 ஏப்ரல் குடமுழுக்கின்போது, வேலை முடியாமலே விழாவா என்று ஒரு வழக்கு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைவரை போய்வந்தது. யார் காலில் விழுந்தோம் என்று பாண்டியன் எழுந்து வந்து பார்க்காமல் இருக்க வேண்டும்.

அங்கிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்தான். சீசன் சனி ஞாயிறு என்றால் அந்த ஐந்து கிலோமீட்டரையே தனிச் சுற்றுலாவாக விற்கலாம். வேன்களின் ஜன்னலில் காயும் ஈர ஜட்டிகளை வழிகாட்டி உள்ளூர்க் கொடிகள் என்று விளக்கிக்கொள்ளட்டும். சித்திர சபையைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். நடராசருக்கு உள்ள ஐந்து சபைகளில் ஒன்று, சுவர் முழுக்க மூலிகைச் சாயத்தில் ஓவியம். நம் கணக்கில் அது கழிப்பறை எங்கே இருக்கிறது என்று கேட்பதற்கான நிறுத்தம்.

ஆறு மணிக்குக் கலை நிகழ்ச்சி. சுற்றுலா ஜூலை, ஆகஸ்டில் வந்தால் சாரல் திருவிழாவோடு சேர்த்துவிடலாம், கலைவாணர் அரங்கம் இருக்கவே இருக்கிறது. படகுப் போட்டி, கோலப் போட்டி, ஆணழகன், நாய்க் கண்காட்சி, கொழு கொழு குழந்தை என்று இந்த விழாவில் இல்லாத போட்டி இல்லை. சத்துக் குறைவைப் பற்றி அறிக்கை எழுதுகிற அரசாங்கம் குண்டுக் குழந்தைக்குக் கோப்பை கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. குறைந்தபட்சம் அந்தக் குழந்தை மேடையில் பேசாது.

பேசுகிறவர்களைப் பற்றித்தான் விருந்தாளியை எச்சரித்துவைக்க வேண்டும். கலை நிகழ்ச்சி என்று நம்பி உட்கார்ந்தவர் முதல் ஒரு மணி நேரம் 'அவர்களே' என்ற சொல்லை மட்டும் கேட்பார். மாண்புமிகு அவர்களே, மதிப்பிற்குரிய அவர்களே, வந்துகொண்டிருக்கும் அவர்களே, வர இயலாத அவர்களே. ஒவ்வொரு அவர்களேக்கும் ஒரு சால்வை. ஏதோ தொன்மையான சடங்கு என்று நினைத்து அவர் படம்கூட எடுத்துக்கொள்வார்.

இதற்குள் மேடைக்குப் பின்னால் போய்ப் பார்க்கலாம். கணியான் கூத்துக்காரர்கள் காத்திருக்கிறார்கள். சுடலைமாடன் கோயில் கொடையில் ராத்திரி முழுக்க நின்று பாடுகிற ஆட்கள். பெண் வேடம் கட்டிய இருவர் சலங்கையோடு ஓரமாக நிற்கிறார்கள், முகத்துப் பவுடரில் வியர்வை கோடு போட்டிருக்கிறது. மகுடம் என்ற பறையை அடிக்கிறவர் குந்தி உட்கார்ந்து வைக்கோலும் பேப்பரும் போட்டுக் கொளுத்தி, தோலை அந்தச் சூட்டில் சுற்றிச் சுற்றிக் காட்டுகிறார். சாரல் காற்று பட்டால் தோல் தொய்ந்துவிடும். காய்ச்சி இறுக்கினால்தான் உச்ச மகுடம் உச்சமாகப் பேசும், மந்த மகுடம் மந்தமாகப் பேசும். மூன்று தடவை காய்ச்சியாயிற்று. மூன்று தடவையும் ஒரு அவர்களே மைக்கைப் பிடித்துக்கொண்டார். நாலாம் தடவை கொளுத்தும்போது வாக்கிடாக்கியோடு ஒருவர் ஓடிவருகிறார்: "ஏ பெரியவரே, இங்க தீயெல்லாம் வைக்கக் கூடாது, விஐபி இருக்காங்கல்லா." அப்புறம் ஒருவழியாக அழைப்பு வரும். பத்து நிமிடம், அதுவும் "பாட்டைக் குறைச்சு ஆட்டத்தைக் கூட்டுங்க" என்ற ஆலோசனையோடு. ஈரத் தோல் பொத் பொத் என்று அடிக்கும். முன்வரிசை எழுந்து காருக்குப் போகும். சம்பளம் எப்போது என்று கேட்டால், பில் பாஸாகணும் என்பார்கள். பில் எந்த மேடையில் பாஸாகும் என்பது அந்தச் சுடலைமாடனுக்கே தெரியாது.

மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் இந்த ஊரைப் பற்றிக் குறவஞ்சி பாடினார் என்பதற்காக மதுரை நாயக்க மன்னர் நிலம் எழுதிக் கொடுத்தார், அதற்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். அந்தக் குறவஞ்சியை 1944-ல் ருக்மிணி தேவி சென்னைக் கலாக்ஷேத்திராவில் நாட்டிய நாடகமாக மேடையேற்றினார். பிறந்த ஊரில் இன்றைக்கு அது பள்ளிக்கூடப் பிள்ளைகள் இடுப்பில் கூடையோடு வந்து ஆடிவிட்டுப் போகிற ஒரு உருப்படி. மன்னராட்சியில் பாட்டுக்கு நிலம் கிடைத்தது. மக்களாட்சியில் துண்டு கிடைக்கிறது, அதிலும் நல்ல துண்டு மேடைக்காரர்களுக்குப் போய்விடுகிறது.

கலையும் சாப்பாடும் ஒன்றாக நடந்த மாலைகளும் இதே குற்றாலத்தில் உண்டு. ரசிகமணி டி.கே.சி. இங்கேதான் வீடு போட்டுக்கொண்டு கம்பனையும் விருந்தையும் ஒரே பந்தியில் பரிமாறினார். ராஜாஜி வந்தார், கல்கி வந்தார். பாட்டுச் சொல்லும்போது யாரும் யாருக்கும் சால்வை போர்த்தவில்லை. 1954-ல் அவர் போனார். அதோடு அந்தத் துறையை மூடிவிட்டார்கள்.

ஏழரைக்கு அருவி. எந்த அருவி என்பதில்தான் விருந்தாளியின் பர்ஸ் தெரியும். சாதாரணக் கட்டணம் கட்டியவருக்குப் பேரருவி, ஐந்தருவி. வரிசை, போலீஸ் விசில், காலடியில் ஷாம்பு சாஷே. அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று 2014-லேயே மதுரைக் கிளை சொல்லியாயிற்று. அந்த உத்தரவின் முழு எடையும் எண்ணெய் தேய்த்துப் பிழைத்த ஆட்களின் தலையில் விழுந்தது. சாஷே விற்கிற கம்பெனிமீது ஒரு துளிகூடத் தெறிக்கவில்லை. கூடுதல் கட்டணம் கட்டியவருக்கு அந்தத் தொல்லையும் இல்லை, விடுதிக்குள்ளேயே அருவி! மலையிலிருந்து தானாக வருகிற ஓடையை மறித்துத் திருப்பி, சிமென்டில் பாறை செய்து, சொந்தமாக அருவி கட்டிக்கொண்டார்கள் சிலர். அவற்றைப் பூட்டச் சொல்லி 2022-ல் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. ஆட்டைத் திருடினவனைப் பிடிக்க ஸ்டேஷன் இருக்கிற நாட்டில், அருவியைத் தூக்கிக்கொண்டு போனது நீதிபதி சொல்கிறவரை எந்த அதிகாரி கண்ணிலும் படவில்லை. ராத்திரியோடு ராத்திரியாகப் பையில் போட்டுக்கொண்டு போகிற சாமானா அது? பாதை போட்டு, குழாய் போட்டு, விளக்குப் போட்டு, விளம்பரமும் போட்டார்கள். விளம்பரத்தைப் பார்த்துத் திறப்பு விழாவுக்குப் போனவர்கள் யார் யார் என்றுகூட நான் கேட்கவில்லை.

பழைய குற்றாலத்துக்கு விருந்தாளியைக் கூட்டிப்போக வேண்டாம். அங்கே என்னால் கிண்டல் பேச முடியாது. 2024 மே 17 அன்று, சீசன்கூட ஆரம்பிக்காத கோடை மழையில், மலையிலிருந்து திடீரென்று வந்த வெள்ளம் குளித்துக்கொண்டிருந்தவர்களை விரட்டியடித்தது. ஓடினவர்கள் பிழைத்தார்கள். 17 வயதுப் பள்ளி மாணவன் ஒருவனை வெள்ளம் அடித்துப்போயிற்று. வானிலை எச்சரிக்கை அதற்கு முன்பே இருந்தது. மலைமேல் மழை கொட்டினால் கீழே தண்ணீர் வரும் என்பது ஆராய்ச்சி செய்து கண்டுபிடிக்க வேண்டிய விஷயமா? மேலே மழையை அளக்க ஒரு ஆள், கீழே ஊத ஒரு சங்கு, குளிக்கிறவர்களை முன்கூட்டியே ஏற்றிவிட இரண்டு காவலர். கார் நிறுத்தக் காசு வாங்க ஆள் இல்லாத நாளை எனக்குக் காட்டுங்கள், பார்ப்போம். ரசீதுப் புத்தகத்துக்கு எல்லாப் பருவமும் சீசன். உயிர்க் காவலுக்கு மட்டும் சீசன் பிறக்க வேண்டுமாம். பிள்ளை போன பிறகு இடம் எந்தத் துறையுடையது என்ற பேச்சு வந்தது. அதில் மட்டும் நமக்கு எப்போதும் சுறுசுறுப்பு.

எட்டரை மணி. ஆற்றங்கரை விருந்து. பாங்காக்கோடு நாம் நேருக்கு நேர் மோதப்போகிற இடம் இது. கப்பல் விடலாமா என்று பார்த்தால் ஆற்றில் அவ்வளவு தண்ணீர் இல்லை. ஐந்தருவிச் சாலை வெண்ணமடைக் குளத்திலேயே மழை பெய்தால்தான் பெடல் படகு. எனவே கரையில் மேஜை போட்டுவிடலாம். இடம்: தென்காசி யானைப்பாலம் பக்கம்.

அதே தண்ணீர்தான். மாலையில் பேரருவியில் விருந்தாளி தலையில் வாங்கிக்கொண்ட, கல்லில் மோதி வெள்ளையாகச் சிதறின அதே தண்ணீர். ஐந்தாறு கிலோமீட்டர்தான் நடந்திருக்கிறது, அதற்குள் கறுத்துவிட்டது. வழியில் லாட்ஜ் குழாய்கள் அதில் இறங்கின, ஊர்ச் சாக்கடை இறங்கிற்று. கரையில் கோழிக் கடைக் கழிவு மூட்டை மூட்டையாக, நாய்கள் அவிழ்த்துப் போட்ட இறகு, அமலைச் செடியில் மாட்டிக்கொண்டு ஆடும் கேரிபேக். குற்றாலத்துத் தலபுராணத்தில் அகத்தியர் நெடுமாலைத் தலையில் கைவைத்துக் குறுக்கிச் சிவலிங்கமாக்கினார். அவர் தெய்வத்தைத் தெய்வமாகத்தான் மாற்றினார். ஆற்றைக் குறுக்கிச் சாக்கடையாக்கும் சித்து அகத்தியருக்குக் கைவரவில்லை, நமக்கு வந்திருக்கிறது.

இந்தச் சிற்றாறு தென்காசியோடு முடிந்துபோகிற ஓடையும் அல்ல. அணைக்கட்டு அணைக்கட்டாக நின்று பாவூர், மாறாந்தை, மானூர் என்று வயற்காட்டுக்கும் குளத்துக்கும் தண்ணீர் பிரித்துக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைச் சீவலப்பேரியில் தாமிரபரணியில் சேர்க்கிறது. சீவலப்பேரியிலிருந்து கோவில்பட்டிக்குக் குடிதண்ணீர் போகிறது. நாம் மேலே கழுவி ஊற்றுகிறதைக் கீழே வடிகட்டி, குளோரின் போட்டு, திட்டத்துக்கு ஒரு தலைவர் பெயரும் வைத்துப் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது பட்டாசு வெடித்தோம். ஆட்சியர் வந்தார், எஸ்பி வந்தார், அலுவலகம் எங்கே கட்டுவது என்று ஊருக்கு ஊர் சண்டை போட்டோம். ஆற்றுக்காக ஒருநாள் கடையடைத்தோமா? சாக்கடையை ஆற்றில் விடுகிறவன் அரசு மட்டும்தானா, கவுன்சிலர் மட்டும்தானா? வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிற, ஆடி அமாவாசைக்கு அருவிக்கரையில் எள்ளும் தண்ணீரும் விடுகிற, வாசலில் காவி அடித்துக் கோலம் போடுகிற நம் வீட்டுக் குழாயும்தான் அதில் போய் முடிகிறது.

சரி, விருந்துக்கு வருவோம். மேஜைக்கு வெள்ளைத் துணி, பாலத்துக்குச் சீரியல் பல்பு, துறைக்கு ஒரு பேனர். பேனரில் அருவிப் படம் இருக்கட்டும், ஆற்றை மறைக்கிற அளவுக்கு உயரமாகக் கட்டுங்கள். நாற்றத்துக்குச் சாம்பிராணி. கொசுவுக்கு நகராட்சிப் புகை வண்டி, அதை லேசர் ஷோ என்று அறிவித்துவிடலாம். பரோட்டா, நாட்டுக்கோழி, நேந்திரம் சிப்ஸ், கடைசியில் மங்குஸ்தான் பழம். விருந்தாளி கைகழுவ எங்கே என்று கேட்டால் பேனருக்குப் பின்னால் காட்டுங்கள். எச்சில் இலையையும் மிச்சக் கோழியையும் எங்கே கொட்டுவது என்று பரிமாறுகிற பையன்கள் உங்களைக் கேட்க மாட்டார்கள், ஆறு பக்கத்திலேயே இருக்கிறது.