போருக்குப் பின் ஒரு வீடு

கேள்வி: பெர்லினுக்குப் பக்கத்தில் இருக்கும் பொட்ஸ்டாமில் தடுக்கி விழுந்தால் அரண்மனையாமே? ஒரு ராஜாவுக்கு எத்தனை வீடுதான் வேண்டும்?

பதில்: குடியிருக்க ஒன்று, ஊர் வாயை அடைக்க இன்னொன்று! பிரஷ்ய ராஜா மகா பிரெடெரிக் 1747-இல் திராட்சைத் தோட்டத்துக்கு மேலே சான்சூசி அரண்மனையைக் கட்டி முடித்தார். ஒரே தளம், கொஞ்சம் அறைகள், புல்லாங்குழல், பிடித்த நண்பர்கள். மகாராணிக்கு அங்கே ஜாகை இல்லை. அவர் நடத்திய ஏழாண்டுப் போர் 1763-இல் முடிந்தது. கஜானா காலி என்று எவனும் வாய் திறந்துவிடக்கூடாதே! சான்சூசி இருக்கும் அதே பூங்காவின் மறுகோடியில் 200 அறைகளுக்கு மேல் வைத்து ‘புதிய அரண்மனை’ எழுப்பினார். அது பெரும்பாலும் விருந்தாளிகளுக்கு. தனக்கு அந்தச் சின்ன வீடே போதும் என்றிருந்தார்.

செத்தால் சான்சூசியில், செல்ல நாய்களுக்குப் பக்கத்தில் புதைக்கச் சொன்னார். 1786-இல் பட்டத்துக்கு வந்த தம்பி மகன் கேட்கவில்லை. உயிரோடிருந்தவரை ஒத்தே போகாத அப்பாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார்! 1991-இல்தான் நாய்களிடம் வந்து சேர்ந்தார். உருளைக்கிழங்கு பயிரிடச் சொன்ன ராஜா என்பதால், வருகிறவர்கள் கல்லறையில் கிழங்கு வைக்கிறார்கள். பூ வாங்கும் செலவு மிச்சம்.