விஞ்சுவார்

தனியாக இருக்கும் விஞ்சுவாரை யாரும் அடையாளம் காண முடியாது. பக்கத்தில் இன்னொருவர் வாயைத் திறந்தாக வேண்டும். பேச்சை அவர் தொடங்குவதில்லை. பிறர் தொடங்கியதை ஒரு படி மேலே கொண்டுபோய் முடித்துவைப்பார்.

ஆங்கிலேயர் இந்தக் குணத்துக்கு இலக்கணமே வகுத்துவிட்டார்கள். ஸ்டீஃபன் பாட்டர் 1947இல் ‘கேம்ஸ்மன்ஷிப்’, 1950இல் ‘லைஃப்மன்ஷிப்’, 1952இல் ‘ஒன்-அப்மன்ஷிப்’ என வரிசையாக நூல் எழுதினார். விதை விழுந்தது 1931இல், ஒரு டென்னிஸ் ஆட்டத்தில். பாட்டரின் ஜோடி சி. இ. எம். ஜோட், தத்துவ ஆசிரியர். தாம் அடித்த பந்து கோட்டைத் தாண்டி எங்கேயோ போய் விழுந்த பிறகு, அது உள்ளேயா வெளியேயா என்று தெளிவாகச் சொல்லும்படி எதிரணி மாணவர்களை அவர் மரியாதையாகக் கேட்டார். நேர்மையைச் சந்தேகித்துவிட்டாரோ என்று குழம்பிய பையன்களின் ஆட்டம் அதோடு சரிந்தது.

நம் ஊர் விஞ்சுவார் இவற்றைப் படித்ததில்லை; பிறவி ஞானம். அவருடைய களங்கள் மூன்று.

முதலாவது சொத்து. தாம்பரம் பக்கம் அரை கிரவுண்டு வாங்கியவரிடம், “நாங்க வாங்குறப்ப அங்க நரி ஓடிச்சு சார்” என்பார். விலையில் அவருக்கு இரு திசையும் ஒன்றே. மலிவாக வாங்கினால் அவர் அதைவிட மலிவு. அதிகம் கொடுத்திருந்தால் அவருடையது அசல் சரக்கு.

இரண்டாவது அனுபவம். குற்றாலம் போய் வந்தவரிடம் “மெயின் அருவியா?” என்று கேட்டு, ஒரு கணம் பொறுத்து, “பழைய குற்றாலம் போகலையா?” என்பார். குளித்த குளியல் அத்துடன் செல்லாததாகிவிடும்.

மூன்றாவது துன்பம். அவர் முழுத் திறமையும் வெளிப்படுவது இங்கேதான். வெறும் வயிற்றில் சர்க்கரை 180 என்று ஒருவர் கவலைப்பட்டால், “எனக்கு 180 வந்தா டாக்டர் ஸ்வீட் கொடுப்பார்” என்பார். ஒரு ஸ்டென்ட் வைத்தவர் அவர் முன்னால் ஆரோக்கியசாலி. மின்வெட்டு, மூட்டுவலி, மருமகள் எதிலும் அவர் வீட்டுக் கணக்கே பெரிது.

அவரோடு போட்டியிடுவது வீண். தோற்றுப்போனதாக ஒப்புக்கொண்டு, “உங்களை மிஞ்ச ஆளே இல்லை” என்று கும்பிட்டாலும் அவரால் அதை அப்படியே வாங்கிக்கொள்ள முடியாது. “நீங்க எங்க அண்ணனைப் பார்த்ததில்லையே!” என்பார்.