பனித்தூண்டில் நூல்: கடியாமையியல்

மாணாக்க, கேள். ஆங்கில நாட்டின் ஆறுகளிலும் ஏரிகளிலும் குளிர்பொழுதில் தூண்டில் இட்டு அமர்வோர்க்கு மீன் கடியாத பாங்கினை வகுத்தும் விரித்தும் உரைப்பது இந்நூல். மீன் கடிக்கும் பாங்கினை உரைத்த நூல்கள் அந்நாட்டில் மிகப் பல. 1653ஆம் ஆண்டில் ஐசக்கு வால்டன் வெளியிட்டது அவற்றுள் தலையாயது. ஆயினும், டிசம்பர்த் திங்களில் ஆற்றங்கரையில் அமர்ந்திருப்பவன் நாளின் பெரும்பகுதியைக் கழிப்பது கடித்தலில் அன்று, கடியாமையில். நாளை நிரப்பும் பொருளுக்கு நூல் இல்லாதது நெடுநாளைய குறை. அக்குறை இங்கு நீங்குகிறது.

1. வரம்பு

ஆங்கிலேயர் தம் நன்னீர் மீன்களை இரு குடியாகப் பிரிப்பர். சால்மனும் டிரௌட்டும் உயர்குடி. ஏனைய எல்லாம் பொதுக்குடி. இந்நூல் பொதுக்குடிக்கே உரியது. பொதுக்குடி மீனைப் பிடித்தவன் அதனை நிறுத்து, எடையைக் குறித்துக்கொண்டு, மீண்டும் நீரிலேயே விடுவது அந்நாட்டு வழக்கு. ஆகவே, பிடித்தவனும் பிடியாதவனும் வெறுங்கையோடே வீடு திரும்புவர் என்பதனை நெஞ்சில் இருத்துக. பின்னர் ஒழிபில் இது பயன்படும்.

1878ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இம்மீன்கள் முட்டையிடும் பொழுதில் அவற்றுக்கு ஓய்வு தந்தது. இன்றும் மார்ச்சு 15 முதல் சூன் 15 வரை ஆறுகளில் பொதுக்குடி மீனுக்குத் தூண்டில் இடலாகாது. எஞ்சிய திங்கள்களில், அகவை 13 நிறைந்த எவரும் உரிமச்சீட்டு வாங்கிக்கொண்டு அமரலாம். உரிமம் அமர்வதற்கே, கடிக்கப்படுவதற்கு அன்று.

நம் முன்னோர் ஆண்டின் குளிர்ந்த கூற்றினைக் கூதிர், முன்பனி, பின்பனி என மூன்றாக்கினர். ஆங்கில நாட்டில் இம்மூன்றும் ஒரே பிற்பகலில் வந்து போவது உண்டு. ஆதலின் மூன்றையும் ஒன்றாக்கிப் பனிப்பொழுது என்றே ஆள்வோம்.

2. மீன்வகை

மீனின் குருதிக்குத் தனி வெம்மை இல்லை. நீர் எவ்வளவோ, மீன் அவ்வளவு. நீர் குளிர்ந்தால் உடலின் இயக்கம் தளரும், உண்டது செரிக்க நாள் பிடிக்கும், பசி ஒடுங்கும். இவ்வொடுக்கத்தின் அளவால் மீன்கள் துயிலி, மடங்கி, உழலி என மூவகைப்படும்.

துயிலி என்பது குளிர் வந்தவுடன் உண்பதையே ஏறத்தாழ விட்டுவிடுவது. டென்ச்சு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இது கடியாமையில் தேர்ச்சி பெற்ற மீன் ஆகையால் நூலாசிரியர் இதனைப் பெரிதும் மதிக்கிறார். கார்ப்பினைத் துயிலியில் சேர்ப்பதா, அடுத்த வகையில் சேர்ப்பதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1952ஆம் ஆண்டு ரிச்சர்டு வாக்கர் என்பார் ரெட்மையர்க் குளத்தில் 44 இராத்தல் எடையுள்ள கார்ப்பு ஒன்றைப் பிடித்தாரே எனக் கேட்பாய். அது செப்டம்பரில் நிகழ்ந்தது. மேலும் அது கடித்தல். இரண்டு வகையாலும் இந்நூலுக்குப் புறம்பு.

மடங்கி என்பது பசியை மடித்துவைத்து, நாளில் ஒரு சிறுபொழுது மட்டும் விரிப்பது. ரோச்சு, பிரீம், பார்பெல் என்பன இவ்வகை. அச்சிறுபொழுது பெரும்பாலும் ஞாயிறு மறையும் வேளை. அஃதாவது, காலை முதல் அமர்ந்திருந்தவன் கழியை மடித்து உறையில் இடும் வேளை.

உழலி என்பது உறைபனியிலும் உண்பது. சப், பைக்கு, கிரேலிங்கு, டேசு என்பன. இவற்றுள் சப் எதனையும் உண்ணும்: ஈப்புழு, நாங்கூழ், இலையட்டை, ரொட்டி, பிசைந்த பாலாடைக்கட்டி. பைக்கிற்கு இறந்த கடல்மீனை இரையாகத் தொங்கவிடுவர். மத்தியும் கானாங்கெளுத்தியும் ஏற்றவை. நார்போக்கு ஏரியில் பிறந்து அங்கேயே முதிர்ந்த பைக்கு, தான் ஒருநாளும் காணாத கடலின் மத்தியை விரும்பி உண்பது எதனால் என்னும் வினாவுக்கு வேறொரு நூல் வேண்டும்.

3. நீர்வகை

நீர் இருவகை: நில்நீர், செல்நீர். நீர் மிக அடர்ந்திருப்பது செல்சியசு 4 பாகையில். அதனினும் குளிர்ந்த நீர் எடை குறைந்து மேலே ஏறும், உறைவதும் மேலேயே. ஆகவே கடும்பனியில் ஆழ்ந்த ஏரியின் அடிநீர் மேல்நீரைக் காட்டிலும் வெதுவெதுப்பானது. மீன் அங்கே இறங்கும். தூண்டிலும் அங்கே இறங்க வேண்டும். செல்நீரில் இவ்வடுக்கு இல்லை. திரெண்டு, செவெர்ன், ஆம்ப்சயர் ஏவன் போன்ற ஆறுகளில் ஓட்டமே நீரைக் கலக்கிவிடுவதால், மேலும் கீழும் ஒரே குளிர். அங்கே மீன் தேடுவது வெம்மையை அன்று, உழைப்பின்மையை: ஓட்டம் தணிந்த வளைவு, வீழ்ந்த மரத்தின் பின்புறம், பாலத்தூணின் நிழல்.

நீரின் குளிரளவினும் அதன் மாற்றமே பெரிது என்பது கரைமூத்தோர் கருத்து. நான்கு நாளாக ஒரே குளிரில் கிடக்கும் நீரில் மீன் கடிப்பதுண்டு. நேற்றிரவு முதன்முறையாக உறைபனி விழுந்த நீரில் கடித்தல் அரிது. தென்மேற்குக் காற்று வீசி, மழை பெய்து, ஆறு சற்றே கலங்கி வெம்மை ஏறும் நாள் உண்டாயின் அதுவே நன்னாள். அத்தகைய நாள் வேலைநாளாக அமைவது இயல்பு.

4. கடியாமை வகை

கடியாமை ஐந்து: வெறுமைக் கடியாமை, மறுப்புக் கடியாமை, நடுக்கக் கடியாமை, உறைக் கடியாமை, தேநீர்க் கடியாமை. ஆறாவது ஒன்று உண்டென்பாரும் உளர். அவர்க்குக் கையுறை கிழிந்திருந்ததே கரணியம் என்க.

வெறுமைக் கடியாமையாவது, மீன் இல்லாத நீரில் தூண்டில் இடுதல். பனிப்பொழுதில் மீன்கள் திரண்டு ஓரிடத்தில் ஒடுங்கும்; ஏனைய நீர் நெடுந்தொலைவு வறிதே கிடக்கும். நார்போக்கில் ரோச்சு மீன்கள் திறந்த ஆற்றை விட்டு, படகு கட்டும் துறைகளுக்குள் புகுந்துகொள்ளும். இக்கடியாமை அறிவெறுமை, அறியாவெறுமை என இரண்டு. மீன் இல்லை என அறியாது அமர்வது அறியாவெறுமை. மீன் இல்லை என அறிந்தும், சீருந்து நிறுத்திய இடத்துக்கு அருகில் உள்ளதால் அங்கேயே அமர்வது அறிவெறுமை. பின்னது மிகுவழக்கு.

மறுப்புக் கடியாமையாவது, மீன் இருந்தும் உண்ணாமை. உட்பிரிவு மூன்று. உறைபனி விழுந்த மறுநாளைய மறுப்பு திடீர்மறுப்பு. ஞாயிறு சுடர, நீர் பளிங்குபோல் தெளிந்து, மீனும் மாந்தனும் ஒருவரையொருவர் நன்கு காணும் நாளைய மறுப்பு தெளிமறுப்பு. இதற்கு மாலைவரை பொறுத்தலே மருந்து. மூன்றாவது உப்புமறுப்பு. பனி படிந்த நெடுஞ்சாலைகளில் ஆங்கிலேயர் உப்பு தூவுவர். பனி உருகுங்கால் அவ்வுப்பும் குளிரும் கூடி ஆற்றில் இறங்கும். இதற்கு மருந்து இல்லை. உப்புமறுப்பு கண்டவன் அமர்ந்திருத்தல் கூடாது, எழுதல் வேண்டும். எழுந்தவரை நூலாசிரியர் கண்டதில்லை.

நடுக்கக் கடியாமை இந்நூலின் உயிர்நிலை. கூர்ந்து கேள். ஆற்றடியில் ஈயக்குண்டோடு இரை கிடக்க, கடியை அறியத் தக்கையைக் கைவிட்டு, கழியின் நுனியில் மெல்லிய நடுங்குமுனை ஒன்றைப் பொருத்துவர். மெல்லோட்டத்துக்கு 1 அவுன்சு முனை போதும். வெள்ளத்துக்கு அதனினும் விறைத்தது வேண்டும். முனைக்கு வெண்மையோ செம்மஞ்சளோ தீட்டியிருப்பர். மீன் இரையைத் தொட்டால் முனை நடுங்கும். ஆனால் நடுங்கியதெல்லாம் மீன் தொட்டதாகாது. நடுக்கம் நான்கு:

ஒன்று, ஓட்டநடுக்கம். சருகோ களையோ தூண்டில் நரம்பில் சிக்கி, முனை சீராக வளைந்து, மெல்ல மீள்வது. இரண்டு, காற்றுநடுக்கம். நரம்பு பாடும், முனை ஆடும், அருகிலுள்ள நாணலும் உடன் ஆடும். நாணல் ஆடாது முனை மட்டும் ஆடின் அது காற்று அன்று. மூன்று, மீன்நடுக்கம். ரோச்சு எனில் இருமுறை சுண்டும்; சப் எனில் ஒரு தட்டுத் தட்டி, சிறிது பொறுத்து, முனையை வளைத்து இழுத்துச் செல்லும்.

நான்கு, தன்னடுக்கம். கழியைத் தாங்குகோலில் கிடத்தாமல் முழங்கால்மேல் வைத்திருப்பவனின் குளிர்நடுக்கம் கழியின் வழியே ஏறி முனையில் தோன்றுவது. இதனை மீன்நடுக்கம் எனக் கொண்டு கழியைச் சுண்டி இழுப்போர் மிகப் பலர். பிரித்தறியும் முறை இது: மூச்சை அடக்கு, பற்களை இறுகக் கடி, முழங்காலைக் கழியினின்று விலக்கு. முனை நின்றால் தன்னடுக்கம். நில்லாதாயின் மீன்நடுக்கம், ஆனால் இம்மூன்றையும் செய்து முடிப்பதற்குள் மீன் போயிருக்கும். அங்ஙனம் போனமை, அது மீன்நடுக்கமே என்பதற்குச் சான்றாம்.

உறைக் கடியாமையாவது, மீன்மேலும் நீர்மேலும் பழி இன்றிக் கருவியால் விளைவது. ஒவ்வொரு முறை நரம்பைச் சுற்றி இழுக்கும்போதும் அது நீரைச் சுமந்து வரும். அந்நீர் கழிவளையங்களில் தங்கி உறையும். முதலில் வளையத்தின் விளிம்பில் மெல்லிய வெண்கோடு. பிறகு உள்வட்டம் சுருங்கும். நுனியிலுள்ள வளையமே சிறியது ஆகையால் அதுவே முதலில் அடைபடும். நரம்பு அங்கே சிக்கி நிற்கும். வீசிய இரை பாதியில் காலடியில் வீழும். கையுறையோடு அப்பனியைக் களைய இயலாது. கையுறையைக் கழற்றினால் சற்று நேரத்தில் விரல் மரத்துப்போய் முள்ளில் ஈப்புழு கோக்க இயலாது. வலிந்து இழுத்தால் நரம்பு தேயும், முனையும் முறியலாம்.

தீர்வு மூன்று கூறுவர். நுனியைச் சிறிதுநேரம் ஆற்றில் அமிழ்த்தல்: ஆற்றுநீர் பனிக்கட்டியைக் காட்டிலும் வெப்பமுடையது ஆகையால் இது பயன் தரும்; எடுத்தவுடன் மீண்டும் உறையும். உதட்டுக்களிம்பு பூசுதல்: உறைவதைச் சிறிது தாழ்த்தும். வளையத்தை வாயில் வைத்து ஊதுதல்: இதனை எதிர்க்கரையில் ஒருவரும் இல்லாதபோது செய்க. இவ்வேளையில் பின்னே கிடக்கும் கைவலை நனைந்து உறைந்து, பலகைபோல் விறைத்திருக்கும். அதனால் தீங்கு இல்லை, அது தேவைப்படப் போவதில்லை.

தேநீர்க் கடியாமையாவது, கடித்தும் கடியாமை. நான்கு மணி நேரம் அசையாத முனை, குடுவையின் மூடியைத் திருகுங்கால் அசைவது. வலக்கையில் குடுவையும் இடக்கையில் மூடியும் இருப்பின் முழுத்தேநீர். ஒரு கை வறிதாயின் அரைத்தேநீர். அரைத்தேநீரில் கழியை எட்டிப் பற்றி வென்றாரும் உளர். அவர்தம் மேலங்கியின் கறையால் அவரை அறியலாம்.

5. ஒழிபு

மீன் ஒன்றும் படாத நாளைத் தூண்டிலோர் பிளாங்க்கு என்பர். யாம் வெறுநாள் என்போம். வெறுநாள் முடிந்து வீடு சேர்ந்தவனிடம் வினவப்படும் வினா ஒன்றே: ஏதேனும் கிடைத்ததா? விடை பல. நீரைப் பழித்தல், காற்றைப் பழித்தல், நேற்று வந்திருந்தால் எனல், பக்கத்திலிருந்தவனுக்கும் கிடைக்கவில்லை எனல் ஆகிய நான்கும் செல்லும். பிடித்ததை நீரிலேயே விட்டுவிட்டேன் என்பது ஐந்தாவது. முதற்பகுதியில் நெஞ்சில் இருத்துக என்றது இதன்பொருட்டே. இவ்விடையைச் சான்றோடு மறுக்க எவராலும் இயலாது. ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் ஆளற்க.

மாணாக்க, மார்ச்சு 14ஆம் நாள் நள்ளிரவோடு ஆறுகள் அடைபடும். ஏரிகளில் பெரும்பாலானவற்றுக்கு அத்தடை இல்லை. ஆகவே 15ஆம் நாள் காலையில் நூலாசிரியர் ஏரிக்கரையில் இருப்பார். ஐயம் எஞ்சியோர் அங்கு வந்து கேட்கலாம். வருவோர் தத்தம் தேநீரைத் தாமே கொணர்க.