வண்டிக்குள் கேஸ், வயலுக்கடியில் கேஸ்

தொண்ணூறுகளில் புதுக்கோட்டையில் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாடகை ஆம்னி வேன்தான். பின்சீட்டுக்குப் பின்னால் துணி போர்த்தி ஒன்று கிடக்கும். 14.2 கிலோ சமையல் சிலிண்டர். "பெட்ரோல் கட்டுபடியாகலைங்க" என்பார் டிரைவர் அண்ணன். உண்மைதான். கார்புரேட்டரோடு சேர்த்த ஒரு மிக்சர், ரேடியேட்டர் சுடுதண்ணீர் ஓடும் ஒரு வேப்பரைசர்; வண்டியை கேஸுக்கு மாற்றும் கிட் என்பது பெரும்பாலும் இவ்வளவே. அந்தச் சூட்டில் திரவம் வாயுவாகி, காற்றோடு கலந்து இன்ஜினுக்குள் போகும். பிக்கப் கொஞ்சம் குறையும், செலவு நிறையக் குறையும்.

ஆனால் எல்பிஜி காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, வேனுக்குள் காலடியிலேயே தங்கும். ஒரு பொறி போதும். மடியில் குழந்தையோடு ஜனங்கள் அதில் போனதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. 2000-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தும்வரை வண்டிக்கு எல்பிஜியே கூடாது. வீட்டு சிலிண்டர் அதற்குப் பிறகும் கூடாது.

இதே மாவட்டத்தில் நெடுவாசல், நல்லாண்டார்கொல்லை, வாணக்கன்காடு பக்கம் ஓஎன்ஜிசி வயலுக்கடியில் கேஸ் தேடி ஆழத் துளையிட்டுப் பார்த்தது. அன்று அதற்குத் தடை எதுவும் இல்லை.

இன்று இரண்டும் இடம் மாறிவிட்டன. சிஎன்ஜி கார் கம்பெனியிலிருந்தே வருகிறது; ஆர்.சி.யிலும் பதிவாகிறது. 200 பார் அழுத்தம் தாங்கும் சிலிண்டர், அதற்குக் காலாகாலத்தில் ஹைட்ரோ டெஸ்ட். உள்ளே இருக்கும் மீத்தேன் காற்றைவிட லேசு, கசிந்தால் மேலே கலைந்துவிடும். இப்போது கூடாதது துளைதான். 2017 பிப்ரவரியில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்ததும் நெடுவாசல் நாடியம்மன் கோயில் திடலில் ஊரே எதிர்த்து வந்து உட்கார்ந்தது. 2020-இல் வந்த வேளாண் மண்டலச் சட்டம் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஒன்றியங்களையும் டெல்டாவோடு சேர்த்துக் காத்தது.

மீத்தேனில் கார் ஓட்டிக்கொண்டு மீத்தேன் எடுக்காதே என்று சொல்லலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகச் சொல்லலாம். கீரமங்கலம் பூவுக்கும் வடகாட்டுப் பலாவுக்கும் நிலத்தடித் தண்ணீரை விட்டால் வேறு கதியில்லை. வண்டிக்கு வேறு வழி உண்டு. சாணத்திலிருந்தும் காய்கறிக் கழிவிலிருந்தும் எடுத்துச் சுத்திகரித்த மீத்தேனில் அதே இன்ஜின் அப்படியே ஓடும். 2018-இல் மத்திய அரசு தொடங்கிய சதத் திட்டம் அதற்காகவே வந்தது. சாணமும் கழிவும் நம் ஊர்களில் கிடக்கின்றன. மாவட்டத்தில் கேஸ் எடுக்க வேண்டும் என்பவர்கள் முதலில் அங்கிருந்து எடுக்கட்டும்.